ஒற்றைச் சக்கரம்

சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியதும் வண்டிக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது, யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டியதுபோல.

"கேட்டியாம்மா? இதைத்தான் சொன்னேன்" என்றாள் மகள்.

கேட்டது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே நின்றவரை. பட்டறை வாசலில், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, வரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போல என் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தார். துடைக்க அந்தக் கையில் அழுக்கே இல்லை.

இந்த வாசல் எனக்குப் புதிதல்ல. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து திறந்த பட்டறை இது. பிறகு ஒரே நாளில் பிரிந்ததும் இங்கேதான். அதன் பிறகு நான் இந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. என் கணவர் இறந்து அரை வருஷம் ஆகப்போகிறது. அவர் கார் வீட்டு முன்னால் உறை போர்த்திக் கிடந்தது. மகளுக்குத் தொலைவான ஓர் ஊரில் கண் மருத்துவமனை வேலை கிடைத்திருக்கிறது. அந்தக் காரில்தான் போவேன் என்கிறாள். போன வாரம் அவள் உறையை எடுத்து வண்டியைக் கிளப்பியபோதுதான் இந்தச் சத்தம்.

"ஊர்ல வேற மெக்கானிக்கே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்காங்க. ஆனா சித்தப்பா ஒருத்தர்தான் இருக்காரு" என்றாள். இவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சித்தப்பா இவளை வக்கீலம்மா என்று கூப்பிட்டது சும்மா இல்லை.

"வாங்க அண்ணி" என்றார் கொழுந்தன்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?"

அவர் மறுபடி கையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு பேரும் இப்படியே நின்னா வண்டி தானா சரியாயிடும்" என்றாள் மகள்.

அவர் சிரித்துவிட்டார். அண்ணனின் சிரிப்பேதான். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

*

அவர்கள் பிரிந்ததற்குக் காரணம் ஒரு சக்கரம். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். சொத்து, பெண், பணம் என்று ஏதாவது இருக்கும் என்பார்கள். சக்கரம்தான்.

எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதுபோலத் தோன்றும். உண்மையில் அது தட்டித் தட்டித்தான் சுற்றுகிறது. அந்தத் தட்டல் கியர்பாக்ஸுக்குப் போகாமல் நடுவில் யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் காரைப் போன்ற வண்டிகளில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் ஃப்ளைவீல் இரட்டைச் சக்கரமாக இருக்கும். நடுவே ஸ்பிரிங்குகள். அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்வதால், அதோடு சேரும் கிளட்ச் பிளேட்டில் ஸ்பிரிங் வேண்டாம். இரட்டையை எடுத்துவிட்டு ஒற்றைச் சக்கரம் போட்டால் பிளேட்டில் ஸ்பிரிங் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தட்டையும் டம்ளரையும் வைத்து எனக்கு இதைப் பல தடவை விளக்கியிருக்கிறார்கள், இருவரும் ஒரே நேரத்தில், எதிரெதிராக.

"அப்பா எஞ்சின், சித்தப்பா கியர்பாக்ஸ், அம்மாதான் நடுவுல ஸ்பிரிங்கு" என்று மகள் அப்போதே சொல்லுவாள்.

வண்டி செய்தவன் காரணமில்லாமலா இரட்டையாகச் செய்தான் என்பது அண்ணன் கட்சி. ஒற்றைதான் உழைக்கும், எல்லோராலும் வாங்க முடியும் என்பது தம்பி கட்சி. ஒரு நாள் அண்ணன் இல்லாத நேரத்தில், எங்கள் கார் ரகத்திலேயே ஒரு வாடிக்கையாளர் வண்டிக்குத் தம்பி ஒற்றைச் சக்கரம் போட்டார். அவசரத்தில் கையிலிருந்த ஸ்பிரிங் இல்லாத பிளேட்டையே மாட்டிவிட்டார். சில வாரங்களில் அந்த வண்டி கியர்பாக்ஸ் நொறுங்கி, இழுத்துக்கொண்டு வரப்பட்டது.

வாடிக்கையாளர் கத்தியது பெரிதில்லை. அவர் முன்னாலேயே என் கணவர் சொன்னதுதான் பெரிது. "இவன் கை வெச்ச வண்டி இனிமே என் பேர்ல வெளிய போகாது."

"தப்பு சக்கரத்துல இல்லண்ணா, பிளேட்ல. ஸ்பிரிங் பிளேட் போட்டிருந்தா ஓடியிருக்கும்."

"வாயை மூடுடா. ஊரை ஏமாத்துற வேலை."

அந்தக் கடைசி வார்த்தை நின்றுவிட்டது. அவர் பட்டறையைத் தம்பியிடமே விட்டுவிட்டு ஒரு பஸ் கம்பெனியில் மேற்பார்வை வேலைக்குப் போனார். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவர் இறந்த அன்றும் கொழுந்தன் எங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

போன வாரம் மகள் ஃபோன் செய்தபோது அவர் சொன்னாராம். "வண்டியக் கொண்டா, பாத்துடறேன். ஆனா ஒண்ணு. உங்கப்பா கடைசி வரைக்கும் என்னை ஏமாத்துக்காரன்னு நெனச்சுட்டேதான் போனாரு. அதை யாராலயும் ரிப்பேர் பண்ண முடியாது."

*

கார் லிஃப்டில் ஏறியது. வேலை மேஜையில் ஒரு புதுப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது. புது இரட்டைச் சக்கரம், அதற்கான ஸ்பிரிங் இல்லாத பிளேட், எல்லாம் சேர்ந்த செட்.

"திறந்து பாத்துட்டுத்தான் சாமான் வாங்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்" என்றார் கொழுந்தன். "இதுக்கு மட்டும் பாக்காமலே வாங்கிட்டேன் அண்ணி. அண்ணன் வண்டியாச்சே. கம்பெனி போட்டதைத் தவிர ஒரு திருகாணி மாறியிருக்காது."

"அவ்ளோ நிச்சயமா?" என்றாள் மகள்.

"உங்கப்பா பிடிச்ச பிடியப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அவர் தனியாகத்தான் வேலை செய்தார். கூட வேலை செய்யும் வெல்டர் அன்று லீவு. மகள்தான் வெளிச்சம் பிடித்தாள், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், தப்பான ஸ்பேனர் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் பழைய கார் சீட் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பட்டறையில் விருந்தாளிக்கு அதுதான் நாற்காலி.

கியர்பாக்ஸை இருவரும் சேர்ந்து இறக்கினார்கள். ஜாக்கில் அது மெல்லக் கீழே வந்தபோது, "ஒத்தை ஆளா இதைச் செய்யவே முடியாது. ஒருத்தர் பிடிச்சே ஆகணும்" என்று மகளிடம் சொன்னார். அந்த நேரத்தில் அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது.

பிறகு கிளட்ச் மூடியைக் கழற்றினார். பிளேட் கையில் வந்தது. கறுப்புத் தூசியைத் தட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

"என்ன சித்தப்பா?"

பிளேட்டை வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பிரிங். அதில் ஒன்று இரண்டாக உடைந்து கிடந்தது.

"டக்குங்கற சத்தம் இதுதான்" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் சக்கரத்தின்மேல் பதித்து முறுக்கிப் பார்த்தார். இரட்டைச் சக்கரமென்றால் கொஞ்சம் ஆட வேண்டும். அது ஆடவில்லை. மறுபடி முறுக்கினார். பிறகு விளிம்பைத் துடைத்தார். அங்கே உளியால் அடித்த மூன்று புள்ளிகள்.

"இது என் சக்கரம் அண்ணி."

எனக்குப் புரியவில்லை.

"நான் லேத்துல கொடுத்து முகம் சீவி, புள்ளி வெச்சது. அந்த வாடிக்கையாளர் வண்டியில போட்டேனே, அதேதான். கழட்டிப் பின்பக்கம் இரும்புக் குவியல்ல வீசுனேன். காயலான் கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்னு நெனச்சேன்."

மகள் விளக்கைத் தாழ்த்திவிட்டாள். "அப்பாவா எடுத்தாங்க?"

"எடுத்து, நான் சொன்ன மாதிரியே ஸ்பிரிங் பிளேட்டோட போட்டிருக்காரு. நான் சொன்னது ஓடுமான்னு தன் வண்டியிலயே ஓட்டிப் பாத்திருக்காரு. ஓடியிருக்கு. வருஷக்கணக்கா ஓடியிருக்கு!"

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கையுறையைக் கழற்றிச் சுவரில் அடித்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அண்ணி? ஒரு ஃபோன். 'டேய், ஓடுதுடா'ன்னு. அவ்ளோதானே? அன்னைக்கு அவரு சொன்னதுக்கப்புறம் நான் ஒரு வண்டிக்குக்கூட ஒத்தைச் சக்கரம் போட்டதில்ல. வேணும்னு கேட்டு வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அண்ணன் சொன்னாருன்னு நான் மாறிட்டேன். நான் சொன்னேன்னு அவரு மாறிட்டாரு. ரெண்டு பேரும் இருந்த இடத்தை மாத்திக்கிட்டு, பேசாமலே இருந்திருக்கோம்!"

வெளியே குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

எனக்கு ஒரு மாலை நினைவுக்கு வந்தது. பஸ் கம்பெனிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவர் நகத்தில் கறுப்பு இருந்ததே இல்லை. அன்று இருந்தது, சட்டையிலும் இருந்தது. "கம்பெனியில ஒரு பஸ் படுத்துடுச்சு" என்றார். மறுநாள் என்னை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டார். "இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்சம் நடுங்குது" என்றேன்.

"பழகிடும்."

அதன் பிறகும் அடிக்கடி கேட்பார். வண்டிமேல் இவ்வளவு அக்கறையா என்று கேலி செய்திருக்கிறேன். தம்பியின் வார்த்தையை ஓட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் கையைப் பிடித்து இங்கே இழுத்து வந்திருப்பேன்.

*

"சித்தப்பா, இங்க வாங்களேன்" என்று மகள் கூப்பிட்டாள். "போல்ட்ல ரெண்டு கோடு இருக்கு."

அண்ணன் தம்பி இருவரும் வைத்திருந்த வழக்கம் அது. போல்ட்டை ஒருவர் முறுக்கிப் பெயின்ட்டால் கோடு போடுவார். மற்றவர் தன் கையால் சரிபார்த்துப் பக்கத்தில் இன்னொரு கோடு போடுவார். அண்ணனுக்கு மஞ்சள். தம்பிக்கு வெள்ளை. இரண்டும் இல்லாமல் ஒரு வண்டியும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது.

சக்கரத்தின் நடுவே வட்டமாக இருந்த போல்ட்டுகளில் மஞ்சள் இருந்தது. பக்கத்திலேயே வெள்ளையும் இருந்தது.

"நான் போடல" என்றார் கொழுந்தன். "சத்தியமா நான் போடல. யாரு என் கோட்டைப் போட்டது?"

நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். மஞ்சள் கோடுகள் என் கணவரின் கையெழுத்தைப் போலவே ஒரே இழுப்பாக, போல்ட்டைத் தாண்டிச் சிதறியிருந்தன. வெள்ளைக் கோடுகள் அப்படி இல்லை. நகத்துக்குச் சாயம் பூசுவதுபோல, ஓரம் தாண்டாமல், நிதானமாக, இரண்டு பூச்சாகப் பூசியிருந்தது. எந்த மெக்கானிக்கும் இவ்வளவு பொறுமையாகக் கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

"லிஃப்ட் இங்கதான் இருக்கு. சக்கரமும் இங்கதான் கிடந்தது. அப்ப வேலையும் இங்கதான் நடந்திருக்கு" என்று கொழுந்தன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் ஊர்ல இல்லாத நாள் பாத்து வந்திருக்காரு. ஷட்டர யாரு திறந்துவிட்டது? அந்த வெல்டராத்தான் இருக்கும். அப்பவே அவன் அண்ணன் கட்சி. நாளைக்கு அவனைப் பிடிச்சு ஒரு வழி பண்றேன்."

அப்போதுதான் கொழுந்தனின் மனைவி, என் ஓரகத்தி, சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள்.

"அக்கா!" என்று என் கையைப் பிடித்தாள். மகளின் கன்னத்தைத் தட்டினாள். "என்னடி, இப்படி இளைச்சுட்ட? இவரு உன்னையும் வேலை வாங்குறாரா? வாங்குவாரு, விட்டா கஸ்டமரையே கூட்டச் சொல்லுவாரு…"

பேசிக்கொண்டே லிஃப்டைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

சக்கரத்தைப் பார்த்தாள். வெள்ளைக் கோடுகளைப் பார்த்தாள். பிடிபட்டவள்போலச் சேலைத் தலைப்பால் நகச்சாயம் பூசிய விரல்களை மூடிக்கொண்டாள்.

"அடுப்புல வெச்சுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கேரியரை வைத்த வேகத்தில் போய்விட்டாள். கொழுந்தன் முதுகைக் காட்டி நின்றிருந்தார். அவர் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன்.

*

சாப்பிட்டது பாதி, வைத்தது பாதி. அடுத்து என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

"இந்தப் புது பிளேட்டை இந்தச் சக்கரத்துல மாட்டிட முடியாதா? ஒரே அளவுதானே தெரியுது" என்றாள் மகள்.

"மாட்டலாம். அழகா உக்காரும். அதைத்தான் அன்னைக்கு மாட்டினேன்."

அவள் மறுபேச்சில்லாமல் பிளேட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். அபூர்வம்.

"ரெண்டு வழிதான் இருக்கு அண்ணி. இந்தச் சக்கரத்தைக் கழட்டிட்டு, வாங்கி வெச்சிருக்கிற இரட்டையைப் போடலாம். நடுக்கமே இருக்காது. புள்ள தூரமா ஓட்டப்போறா, அதுதான் சொகுசு. இல்லன்னா இதையே விட்டுட்டு, ஸ்பிரிங் பிளேட் மட்டும் புதுசா தேடணும். சக்கரத்தோட முகம் நல்லாத்தான் இருக்கு. உழைக்கும்."

"எது நல்லது?"

"இரட்டைன்னுதான் சொல்லுவேன். ஆனா…" அவர் போல்ட்டுகளைத் தடவினார். "இந்தப் போல்ட்டு ஒரு தடவை முறுக்கினதுதான். கழட்டினா மறுபடி போடக் கூடாது. தூக்கித்தான் போடணும்."

மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"நீங்க சொல்லுங்க அண்ணி."

"ஓட்டப்போறது நான் இல்லையே தம்பி."

இருவரும் மகளைப் பார்த்தோம். இந்தக் கார் சிக்னலில் நடுங்குகிறது என்று அப்பாவிடம் ஓயாமல் குறை சொன்னவள் அவள்தான். உடைந்த பிளேட்டைக் கையில் எடுத்து, ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நடுங்கினா நடுங்கட்டும் சித்தப்பா" என்றாள். "நான் என்ன அதுல உக்காந்து கண் ஆபரேஷனா பண்ணப்போறேன்?"

கொழுந்தன் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஃபோன் போட்டார். கை அழுக்கென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்பிரிங் பிளேட்டா? சின்னவரே, நீங்களா பேசறது? ஒத்தைச் சக்கரம்னாலே காதைப் பொத்திக்குவீங்களே!"

"இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"அளவு?"

குறுக்களவைச் சொன்னார். நடுத்துளையில் இருந்த பற்களை எண்ணிச் சொன்னார். "ஒரு பல்லு மாறினாலும் திருப்பி அனுப்பிடுவேன். மூடியும் பேரிங்கும் அதே ஜோடியா வேணும். இதுல பாதி அதுல பாதின்னு கலந்து கொடுக்காத. கலந்து போட்டு ஒரு தடவை பட்டாச்சு."

மகளே போய் வாங்கி வந்தாள். பழைய பிளேட்டின் மேல் புதியதை வைத்து, பல்லோடு பல் பொருந்துகிறதா என்று அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சக்கரத்தின் முகத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்துத் துடைத்தார். கோடுகள் மேல் துணி படாமல் சுற்றித் துடைத்தார். மூடி மாட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் அந்தப் போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி அடுத்த தடவை கியர்பாக்ஸ் இறங்கும்வரை அவற்றை யாரும் பார்க்கப்போவதில்லை.

மூடியின் போல்ட்டுகளை முறுக்கி வெள்ளைக் கோடு போட்டார். பிறகு ஸ்பேனரை மகளிடம் கொடுத்தார்.

"நீ சரிபாரு. 'க்ளிக்'னு கேக்குற வரைக்கும்."

"எனக்கு என்ன கலர்?"

"உள்ள மஞ்சள் டப்பா இருக்கு. காய்ஞ்சிருக்கும். கொஞ்சம் தின்னர் ஊத்து." அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். டப்பா கைக்கெட்டும் இடத்தில், தூசி இல்லாமல் இருந்தது.

*

வெயில் இறங்கும்போது வண்டி கீழே இறங்கியது. மகள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கொழுந்தன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருமுனைவரை போய், திரும்பி வந்து, வாசலில் நிறுத்தி எஞ்சினை ஓட விட்டார். கியர் கம்பு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"இப்ப எப்படி இருக்கு அண்ணி?"

அதிர்ந்த கியர் கம்பின் மேல் கையை வைத்தேன். "கொஞ்சம் நடுங்குது."

"பழகிடும்" என்றார்.

அதை அவருக்கு முன்னால் யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எஞ்சினை நிறுத்தினார். 'டக்' வரவில்லை.

அவர் கை கழுவப் போனார். மகள் எண்ணெய் துடைக்கும் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி ஷட்டர் ஓரமாக நின்றிருந்தாள். கேரியரை எடுக்க வந்தவள் கேரியரை எடுக்கவில்லை. கையில் பட்டறையின் இன்னொரு சாவி இருந்தது.

பக்கத்தில் போய் நின்றேன். "வெள்ளை உன் கையா?"

அவள் குனிந்துகொண்டாள். "வெல்டரைத் திட்டப்போறேன்னு இப்ப என்கிட்டயும் சொன்னாரு அக்கா. பாவம், அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் திறந்துவிட்டேன். நான்தான் பிடிச்சேன். கை விட்டுப்போற கனம் அது."

"கோடு?"

"ஒரு கோட்டோட வண்டிய எடுக்க மாட்டேன்னு மாமா பிடிவாதமா நின்னாரு. 'அவன் இடத்துல நீ போடும்மா, அவன் போட்ட மாதிரிதான்'னாரு."

"இவ்ளோ நாளா ஏன் சொல்லல?"

"'ஓடுதான்னு பாத்துட்டு நானே வந்து அவன்கிட்ட சொல்றேன், அதுவரைக்கும் நீ சொல்லாத'ன்னு கேட்டுக்கிட்டாரு. ஒவ்வொரு நாளும் வாசலப் பாத்தேன் அக்கா. வரவே இல்லையே."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவரோடு வாழ்ந்த எல்லா நாளும் என்னிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இவளிடம் இருக்கிறது. அவர் குனிந்து நிமிர்ந்து, வியர்த்து, தம்பியின் பேரைச் சொல்லிப் பேசிய ஒரு முழுப் பகல்.

"வேற என்ன சொன்னாரு?" என்றேன்.

குழாய் நின்றது. கையை உதறிக்கொண்டே கொழுந்தன் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

அவள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடினாள்.

"முதல்ல அவருக்கா, உங்களுக்கா அக்கா? யாருக்குச் சொல்லட்டும்?"